பம்புசெட் வார்னிஷ் மணக்கும் கிட்டார்

நாற்பத்தெட்டு வயதில் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குகிறவனைப் பற்றி ஊரில் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. ஒன்று, அவன் வீட்டில் ஏதோ பிரச்சினை. இன்னொன்று, அவன் வீட்டில் இனிமேல்தான் பிரச்சினை. நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவன். ஒன்பதாம் வகுப்புக்குப் போர்களையும் உடன்படிக்கைகளையும் வருஷா வருஷம் அதே வரிசையில் நடத்தி முடிக்கிறவனுக்கு, மாலையில் எதையாவது ஓங்கி ஒலிக்க வைக்கவேண்டும் என்று தோன்றுவது இயற்கைதான். சபைப் பாடகர் குழுவுக்காக வாங்கினேன் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். சபை அதைக் கேட்டுக்கொண்டு என்னைத் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்தது. பழைய காலத்துக் கல்தூண். கட்டியவர்கள் என்னைப்போல் ஒருவன் வருவான் என்று எதிர்பார்த்தே அத்தனை கனமாகக் கட்டியிருந்தார்கள்.

பிறகு, எங்கள் குழுவில் கீபோர்டு வாசித்தவர் வளைகுடாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பாட்டுக்குத் துணை வாசிக்க வேறு ஆள் இல்லாததால் தூணுக்கு முன்னால் கொண்டுவரப்பட்டேன். சாம்ராஜ்யங்களில் பதவி உயர்வு பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கிறது.

என் மனைவி அதே குழுவில் சோப்ரானோ, அதாவது மேல்குரல். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாடுகிறாள். சோப்ரானோக்களுக்கு உள்ள சகல நற்குணங்களும் அவளுக்கு உண்டு. கீழ்க்குரலில் பாடும் ஆல்டோப் பெண்களைப் பற்றி அவளிடம் அபிப்பிராயம் கேட்டால், "அவங்க பாட்டுக்கு முட்டுக் குடுக்கவங்க. முட்டு வேணும்தான், இல்லைங்கலை. அதுக்காக வீடு பாக்க வாரவங்க முட்டுக்கம்பைப் பாத்துட்டா போறாங்க?" என்பாள்.

அறுவடை முடிந்து ஸ்தோத்திரப் பண்டிகை வரும். ஆற்றுப் பாசனத்துக்காரர்கள் நெல்மூட்டையும் வாழைத்தாரும் பூசணிக்காயும் காலைக் கட்டின கோழியுமாகக் கொண்டுவந்து ஆலயத்தின் முன்பக்கம் குவிப்பார்கள். அன்றைக்குப் பாடும் கீர்த்தனையின் கடைசிச் சரணத்தை ஒரு பெண் தனியாகப் பாடவேண்டும் என்பது எங்கள் சபையின் வழக்கம். அந்தச் சரணம் நான் அறிந்த காலம் முழுவதும் அவளுடையது. நான் அவளைப் பெண் பார்த்தது பஜ்ஜித் தட்டுக்கு முன்னால் அல்ல, வாழைத்தார்களுக்கு நடுவில். அவள் மேலே போய் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தினாள். கோழிகூடச் சத்தம் போடவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அவள் முடிவு செய்யக் கொஞ்ச காலம் எடுத்துக்கொண்டாள் என்பது வேறு விஷயம்.

போன வருஷம் அவள் கழுத்தில் தைராய்டுக் கட்டிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி போய்விட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். கட்டியோடு மேல் ஸ்தாயியும் போய்விட்டது. மிச்சமிருந்த குரல் தணிவானது, சின்னது, ஓரத்தில் லேசாக மணல் உரசுகிற மாதிரி. எனக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. ஆனால் நான் சொல்வதை வைத்துக்கொண்டு யாரும் தனிச்சரணம் பாட முடியாது. என் செவியின் தரம் தூணுக்கே தெரியும்.

பண்டிகைக்குச் சில வாரங்கள் முன்னால் ஒத்திகை தொடங்கியது. எங்கள் பாடகர் குழுத் தலைவர் ஓய்வுபெற்ற வங்கிக்காரர். வெள்ளைச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக ஒரு சுருதிக்கவை வைத்திருப்பார். முழங்காலில் தட்டி, காதில் வைத்து, பிறகு நம்மைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் வட்டி நிலுவை வைத்தவனுக்கும் சுருதி தப்பியவனுக்கும் வித்தியாசம் இருக்காது. அவள் அந்தச் சரணத்தைத் தாழ்ந்த சுருதியில் பாடினாள். நான் வாசித்தேன். கிட்டார் கேட்டது. அவள் உதடு அசைந்தது.

"யம்மா," என்றார் தலைவர், மிகவும் மெதுவாக. "இந்த வருஷம் கடைசிச் சரணத்தை எல்லாருமா சேந்து பாடிருவோமா?"

மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் பிரச்சினை. அவர் திட்டியிருந்தால் அவள் திரும்பத் திட்டியிருப்பாள்.

"இந்த ஒரு பண்டிகைக்கு நானே பாடிப் பாக்கேன் அண்ணாச்சி," என்றாள். "வரலைன்னா நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானே குழுவை விட்டு இறங்கிக்கிடுதேன்."

ஸ்கூட்டரில் திரும்பினோம். சமாதானபுரம் தாண்டியதும் நான், "அப்ப அந்தச் சரணத்துக்கு மட்டும் நான் வாசிக்காம இருந்திருதேன்" என்றேன். தியாகம் செய்யும் குரலில் சொன்னதாக ஞாபகம்.

"வாசிக்காம இருந்தா நான் எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்க? ஆப்பரேஷனுக்குப் பொறவு சுருதி எங்க இருக்குன்னே தெரிய மாட்டேங்கு. தடவித் தடவிப் போறேன்." கொஞ்சதூரம் போனபின் சொன்னாள்: "பஸ்ஸுல நிக்கும்போது மேல ஒரு கம்பி இருக்கும்லா, அது மாதிரி வேணும். புடிச்சுக்கிடணும். ஆனா நீங்க வாசிக்கது கம்பி இல்ல. முன்னால நிக்குத ஆளு. மொத்தமா மறைக்கு."

அவள் தினமும் டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள். அதைவிடத் தெளிவாக எந்த ஒலிப்பொறியாளனும் சொல்லியிருக்க முடியாது. புதுக்குரல் எந்த உயரத்தில் வந்து உட்கார்ந்ததோ அதே உயரத்தில்தான் என் கிட்டாரின் கொழுத்த பாகமும் இருந்தது. சத்தத்தைக் குறைத்தால் அவளுக்கே கிட்டார் கேட்கவில்லை. கூட்டினால் அவள் யாருக்குமே கேட்கவில்லை. விவேகமுள்ள ஒருவன் இந்த இடத்தில் விவரம் தெரிந்த யாரிடமாவது யோசனை கேட்டிருப்பான். நான் திருப்புளியைத் தேடினேன்.

எலெக்ட்ரிக் கிட்டாருக்குத் தொண்டை என்று ஒன்று இருந்தால் அது பிக்கப்தான். காந்தத் துண்டுகளைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். மேலே தந்தி அதிர்ந்தால் கீழே கம்பியில் மின்சாரம் சிலிர்க்கும். என் கிட்டாரில் இப்படி இரண்டு. கழுத்துப் பக்கம் உள்ளது தடித்த குரல், வால் பக்கம் உள்ளது கூர்மையான குரல். இதை வாசி, அதை வாசி, அல்லது இரண்டையும் சேர்த்து வாசி. ஆக மூன்று குரல்கள். இணைப்புகளை மாற்றினால், சுவிட்சுகள் கூட்டினால், இரண்டு பிக்கப்பையும் வரிசையில் கோத்தால், கெப்பாசிட்டரை மாற்றினால், இன்னும் எத்தனையோ குரல்கள் பிறக்கும் என்று இணையத்தில் நிறையப் பேர் காட்டுகிறார்கள். எல்லோரும் கை நடுங்காத மனிதர்கள். பின்னால் அழகான சுவர் வேறு இருக்கும்.

உண்மையைச் சொல்வதானால் அந்தச் சுவிட்சுகளை நான் ஏற்கெனவே வரவழைத்து வைத்திருந்தேன். மனைவியின் குரல் போகும்வரை எனக்கு ஒரு காரணம் கிடைக்காமல் இருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாள் விரித்து, கிட்டாரின் வயிற்றைத் திறந்தேன். ஈயம் பற்றவைக்கிற கொதிகம்பி ஆறிவிடாமல் இருக்க மின்விசிறியை அணைக்கவேண்டும். அணைத்தால் வியர்வை கொதிகம்பியில் சொட்டி 'சுர்' என்னும். ஒவ்வொரு இணைப்பையும் முடித்து ஆம்பில் போட்டு வாசிப்பேன். அவள் சமையலறையில் இருந்தபடி தீர்ப்புச் சொல்வாள். அவள் பாடிப் பார்ப்பதுகூட இல்லை. முதல் தடவலிலேயே சொல்லிவிடுவாள்.

கெப்பாசிட்டரை மாற்றினேன்.

"தண்ணித் தொட்டிக்குள்ள இறங்கி நின்னா வாசிக்கீய?"

இரண்டு பிக்கப்பையும் வரிசையில் கோத்தேன். வாசித்ததும் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இது வேண்டாம். ரோடு போடுத ரோலர் மாதிரி இருக்கு."

வால் பக்கத்துப் பிக்கப்பை மட்டும், எல்லாத் தடுப்பையும் நீக்கி வாசித்தேன்.

"ஏங்க, எவர்சில்வர் கடையில எலி ஓடுது."

இப்படியாக நான் உண்டாக்கிய ஒவ்வொரு குரலும் பெயர்சூட்டு முடிந்து மேசையைவிட்டு இறங்கியது. எல்லாக் குரல்களும் ஒன்று அவளை மறைத்தன, அல்லது அவள் காதைக் குத்தின. ஆனால் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு மனிதனுக்குத் தன் மனைவியின் கஷ்டத்தைத் தீர்க்கவும் தன் கிட்டாரைப் பிரித்துப்போடவும் ஒரே சமயத்தில் வாய்ப்புக் கிடைப்பது அபூர்வம்.

கடைசியாக, கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பின் மேலே இருந்த தகரத் தொப்பியைக் கழற்றினால் குரல் இன்னும் திறக்கும் என்று எங்கோ பார்த்தது நினைவுக்கு வந்தது. கழற்றினேன். தொப்பியோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு மயிரிழையும் வந்தது. அது செம்பு. வாசித்துப் பார்த்தேன். பிக்கப் பேசவில்லை.

சமையலறையிலிருந்து, "இதுதான் இதுவரைக்கும் நல்லா இருக்கு," என்று குரல் வந்தது.

*

புதுப் பிக்கப் வரவழைத்தால் பண்டிகைக்கு முன்னால் வந்து சேராது போலிருந்தது. செம்புக்கம்பி சுற்றுகிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமில்லை. தாமிரபரணியின் இரு கரையிலும் எத்தனை பம்புசெட் உண்டோ அத்தனையும் ஒருநாள் இல்லை ஒருநாள் கருகும். கருகினால் உள்ளே சுற்றியிருக்கும் செம்புக்கம்பியை, அதாவது காயிலை, புதிதாகக் கட்ட ஏதாவது ஒரு பட்டறைக்கு வந்தாக வேண்டும். பேட்டையில் அப்படி ஒரு பட்டறை வைத்திருந்தவர் மேலப்பாளையத்துக்காரர். பழைய பழக்கம். என் வீட்டு மோட்டாருக்கும் மிக்ஸிக்கும் அவர்தான் வைத்தியர். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை சார்வாள் என்பார். இருவருக்கும் ஒரே வயது.

பட்டறைக்குள் நுழைந்தாலே அந்த வாடை முகத்தில் அடிக்கும். கருகிய காயிலும் புது வார்னிஷும் கலந்த ஒரு காரவாடை. வாசலில் ஒருவர் தன் மோட்டாரின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காருகிற மாதிரி. வாழைக்குத் தண்ணீர் பாய்கிற நேரத்தில் இந்த வாடை மோட்டார் அறையிலிருந்து வந்தால் விவசாயிக்கு ஈரக்குலை நடுங்கிவிடும். வரப்பில் நிற்கிறவன் அங்கிருந்தே ஓடுவான், சுவிட்சை அணைக்க.

பாய் பிக்கப்பை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"என்ன சார்வாள் இது, எலிக்குஞ்சுக்கு மோட்டாரா?"

விளக்கினேன். தந்தி, காந்தம், மின்சாரம், சபை, பண்டிகை எல்லாம் விளக்கினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப இது சுத்தாது?" என்றார்.

"சுத்தாது பாய்."

"சும்மா இருந்த இடத்துலயே இருக்கும்?"

"ஆமா."

"நம்ம மச்சினன் மாதிரி," என்று சொல்லிவிட்டு, சோக்குக் காயில் சுற்றும் சின்னக் கைமெஷினைத் துடைத்து எடுத்தார்.

மெல்லிய கம்பிக்கு ஒரு பழைய ரிலே சுவிட்சைப் பிரித்துப் பலி கொடுத்தார். கம்பி விரலில் இருப்பதே தெரியவில்லை. வெளிச்சத்தில் சாய்த்தால் ஒரு கீற்று மின்னும், அவ்வளவுதான். முதல்முறை பாதியில் அறுந்தது. பாய் என்னைப் பார்த்து, "நீங்க மூச்சு விடுதீய, அதான்" என்றார். இரண்டாவது முறை அவரே தும்மினார். மூன்றாவது முறை நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வாசலில் இருந்த விவசாயி எழுந்துவந்து எட்டிப் பார்த்து, யாருக்கோ சீரியஸ் என்று நினைத்துத் தலைத்துண்டை எடுத்தார்.

முதல்முறை சுற்றத் தொடங்குமுன்னாலேயே பாய் ஒன்று கேட்டிருந்தார். தொழில் வழக்கம், யாரிடமும் கேட்பார்.

"எந்தப் பக்கம் சுத்தணும், வலமா இடமா?"

"எந்தப் பக்கம் சுத்துனா என்ன பாய்? இது தண்ணியா ஏத்தப்போகுது?"

இருவரும் சிரித்தோம். நல்ல நகைச்சுவை என்று அப்போது பட்டது. சுற்றின எண்ணிக்கையும் நடுவில் வந்த ஒரு செல்போன் அழைப்பில் தவறிப்போயிற்று. "கூடக் கொஞ்சம் போட்டுருவோம், கொறைஞ்சாத்தான் தப்பு" என்றார். கடைசியில், நான் தடுப்பதற்குள், எல்லா மோட்டாருக்கும் செய்கிறபடி அதை வார்னிஷ் டப்பாவில் முக்கி, பல்பு எரியும் பெட்டிக்குள் காய வைத்துவிட்டார். கிட்டார்ப் பிக்கப்பை மெழுகில்தான் முக்கவேண்டும் என்று நான் படித்திருந்தேன். சொன்னேன்.

"மெழுகா? பாளையங்கோட்ட வெயிலுக்கு? ஓடிப்போயிரும் சார்வாள்." ஒரு மருந்துப் புட்டியில் கொஞ்சம் வார்னிஷ் ஊற்றிக் கையில் கொடுத்தார். "காயிலு அதிர்ந்துச்சுன்னா ரெண்டு சொட்டு விடுங்க. ஒரு சொட்டுக்கு மேல விட்டுராதீய."

இரண்டா, ஒன்றா என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

*

வீட்டில் பொருத்தினேன். கழுத்துப் பக்கத்துப் பிக்கப் தனியாக நன்றாகவே பேசியது. முன்பைவிடக் கொஞ்சம் தடிமன் பிடித்த குரல். சரி, இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம் என்று சுவிட்சை நடுவில் தள்ளினேன்.

குரலின் வயிறு காணாமல் போயிருந்தது. கீழும் இல்லை, நடுவும் இல்லை. மேலே மெல்லிசாக, மூக்கால் பேசுகிற ஏதோ ஒன்று மட்டும் மிச்சம். வழக்கமாக வருகிற டியூப்லைட் இரைச்சல்கூட அடங்கிப்போயிருந்தது. பாதியில் எழுந்துபோன கச்சேரி மாதிரி இருந்தது. பாயைக் கூப்பிட்டேன்.

"ரெண்டும் தனித்தனியா ஓடுதா?"

"ஓடுது."

"சேத்துப் போட்டாத்தான் மெலியுதா? அப்ப ஒண்ணு திரும்பிச் சுத்தியிருக்கு. அது இந்தப் பக்கம் இழுக்கு, இது அந்தப் பக்கம் இழுக்கு." கொஞ்சம் யோசித்தார். "அன்னைக்கே கேட்டேன்லா, எந்தப் பக்கம்னு? நீங்க சிரிச்சீய."

"நீங்களும் சிரிச்சீங்க பாய்."

"நீங்க சிரிச்சா நான் சும்மா இருக்க முடியுமா? ஒண்ணுமில்ல சார்வாள், மோட்டார் திரும்பி ஓடுனா ரெண்டு வயரை மாத்திப் போடுவோம்லா, அதே மாதிரி மாத்திருங்க. சரியாயிரும்."

கொதிகம்பியைச் சூடேறப் போட்டேன். அது சூடேறுவதற்குள் விரல் சும்மா இருக்கவில்லை. அந்த மெலிந்த குரலிலேயே கீர்த்தனையின் கடைசிச் சரணத்துக்கான சுரங்களைத் தடவிக்கொண்டிருந்தேன். வேறு எதையோ நினைத்துக்கொண்டுதான்.

சமையலறையில் குழாய் நின்றது. வழக்கமாக இந்த இடத்தில் ஒரு பெயர்சூட்டு விழா நடக்கும். நடக்கவில்லை. அதற்குப் பதில் அவள் பாடினாள்.

உரக்க இல்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே பாடுகிற அளவுக்குத்தான். ஆனால் எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. கிட்டார் மேலே ஒரு கோடு மாதிரி ஓடியது. அவள் குரல் அதற்குக் கீழே இருந்த காலி இடத்தில் வந்து நின்றது, அந்த இடம் அதற்காகவே விடப்பட்டிருந்த மாதிரி. மணல் உரசுவதுகூடத் தெளிவாகக் கேட்டது. சரணம் முடிந்ததும் ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றாள். என் கையில் புகைந்துகொண்டிருந்த கொதிகம்பியைப் பார்த்தாள்.

"அதை எதுக்கு எடுத்தீய?"

"இது தப்பா இருக்கு. வயரை மாத்திப் போடணும்."

"தொட்டீய, பாத்துக்கிடுங்க," என்றாள்.

*

ஒத்திகையில் அந்தக் குரலைக் கேட்டதும் தலைவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"என்னவே இது சத்தம்? ஸ்டேஷன் சரியாப் பிடிக்காத ரேடியோ மாதிரி? ஜலதோஷமா உம்ம கிட்டாருக்கு?"

"காயில் திரும்பிச் சுத்தியிருக்கு அண்ணாச்சி."

"அப்ப அதைத் திருப்பிட்டு வாரும். ஆராதனையில இப்படியா மூக்கால வாசிப்பாங்க?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தலைவரைப் பார்த்தாள். "அண்ணாச்சி, நீங்க அங்கன பொம்பளையாளு பக்கம் கடைசி பெஞ்சுல போயி நின்னு கேளுங்க. கேட்டுட்டுச் சொல்லுங்க."

அவர் போனார். விருப்பமில்லாதவர் நடக்கிற நடை. நாங்கள் தொடங்கினோம். சரணம் முடிந்தது. அவர் உடனே திரும்பவில்லை. கடைசி பெஞ்சின் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து, என்னிடம் மட்டும் சொன்னார்: "இருக்கட்டும். ஆனா வேற பாட்டுக்கு இதை வாசிச்சீருன்னா தூணுக்குப் பின்னால அனுப்பிருவேன்."

ஒரே ஒரு குறை. சத்தம் ஏறும்போது புதுக் காயில் கீச்சென்று ஊளையிட்டது. பண்டிகையன்று காலை, ஆலயத்துக்குக் கிளம்புமுன், பாய் கொடுத்த புட்டியைத் திறந்து சொட்டு விட்டேன். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் குழப்பம் இருந்ததால், சந்தேகத்துக்கு இடமில்லாதபடி தாராளமாகவே விட்டேன்.

*

பண்டிகை என்றால் கூட்டம். முன்பக்கம் முழுவதும் வாழைத்தாரும் நெல்லும் கரும்பும். வெளியே அசனத்துக்கு, அதாவது சபை முழுவதும் சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு, அடுப்பு கூட்டிக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே வீடியோக்காரர் எங்கள் குழுவின் தலைக்கு நேராக ஒரு பெரிய விளக்கைக் கட்டியிருந்தார். அந்தச் சூட்டில் முதல் பாட்டுக்கே என் சட்டை நனைந்துவிட்டது. கிட்டாரும் சூடேறியது. கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒரு வாடை வந்தது. எங்கோ அறிந்த வாடை என்று நினைத்தேன். அது என் மடியில் இருந்து வருகிறது என்று நினைக்கவில்லை.

கீர்த்தனை தொடங்கியது. எல்லோரும் பாடினோம். கடைசிச் சரணத்துக்கு மற்றவர்கள் நிறுத்த, அவள் ஒரு எட்டு முன்னால் வந்து மைக்கின் முன் நின்றாள். நான் சுவிட்சை நடுவில் தள்ளி அந்த மெலிந்த கோட்டைப் போட்டேன். அவள் முதல் வரியைப் பாடினாள். நன்றாக இருந்தது. உச்சியில் முன்பெல்லாம் நிறுத்துகிற அந்த இடத்தை அவள் முயலவில்லை. வாக்கியத்தை இறக்கித் தணிவாகவே கொண்டுபோனாள். முன்வரிசையில் ஒரு அம்மாள் விசிறியை நிறுத்தினாள்.

பக்கத்துச் சுவரோரம் எங்கள் கோவில்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். மணி அடிப்பது, கதவு திறப்பது, விளக்கு போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. மற்ற நாட்களில் வாழை வைத்திருக்கிறார். போன மாதம்தான் அவருடைய மோட்டார் கருகியிருந்தது. அவர் மூக்கு ஒருமுறை சுருங்கியது. இன்னொருமுறை சுருங்கியது. முகம் மாறியது. வரப்பில் நிற்கிறவன் ஓடுகிற ஓட்டத்தை நான் ஆலயத்துக்குள் பார்த்தேன். மூன்றே எட்டில் மெயின் சுவிட்சை அடைந்தார். இறக்கிவிட்டார்.

எல்லாம் நின்றது. ஆம்ப், மைக், வீடியோக்காரரின் விளக்கு, அத்தனை மின்விசிறிகள். என் விரல்கள் தந்தியில் தட்டும் வெறும் 'டிக் டிக்' மட்டும் கேட்டது. சரணம் பாதியில் இருந்தது. அவள் பிடித்துக்கொண்டிருந்த கம்பியைக் கையிலிருந்து உருவியாயிற்று, ஓடும் பஸ்ஸில்.

அவள் நிறுத்தவில்லை.

மின்விசிறிகள் ஓய்ந்த ஆலயம் அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சின்னக் குரல் அப்படியே நடந்து பின்வரிசைவரை போயிற்று. சுருதி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தடவித் தடவிப் போகிறேன் என்று சொன்னவள். கரண்டு வரும்போது கிட்டாரும் வரும். அவள் இம்மியளவு விலகியிருந்தாலும் அந்த முதல் தட்டில் சபை முழுவதுக்கும் தெரிந்துவிடும். தலைவரின் கை சட்டைப் பைக்குப் போய் சுருதிக்கவையை எடுத்தது. முழங்காலுக்கு மேலே அதைப் பிடித்தபடி நின்றார். தட்டவில்லை.

சபை மூப்பர் ஒருவர் ஓடிப்போய்க் கோவில்பிள்ளையின் காதைக் கடித்தார். சுவிட்ச் ஏறியது. ஆம்பில் ஒரு 'டப்'. வாசிக்காமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. விட்டிருந்தால் அவள் பாக்கி இரண்டு வரிக்கு எதையும் பிடிக்காமல் நிற்கவேண்டும். வாசித்தேன்.

சரியாக இருந்தது. கோடு அவள் தலைக்கு மேலே வந்து நின்றது. அவள் அதே இடத்தில், அதற்குக் கீழே, கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். தலைவர் சுருதிக்கவையைத் திரும்பப் பைக்குள் போட்டார். பையின் வாய் தெரியாமல் அவருக்கு இரண்டுமுறை தவறியது.

*

அசனத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது கோவில்பிள்ளை சாம்பார் வாளியோடு வந்தார். என்னிடம் குனிந்து, "தப்பா நெனைக்காதீய சார்வாள், காயிலு கருகுன வாடை நல்லா வந்துச்சு. எனக்கு உசிரே போயிட்டு," என்றார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் குனிந்து என் சட்டையை மோந்து பார்த்தார். "அதேதான்!" என்று மகிழ்ந்து, என் இலையில் தேவைக்கு அதிகமாகச் சாம்பார் ஊற்றிவிட்டுப் போனார்.

தலைவர் எங்கள் வரிசைக்கு வந்து அவள் எதிரில் நின்றார். அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். எழுந்திரிக்கப் போனவளைக் கையமர்த்தினார்.

"யம்மா, கிறிஸ்மஸ் பாட்டுக்கு ஒத்திகை அடுத்த வாரம். நீ ஆல்டோ பக்கம் நின்னுரு. அங்கன ஆளு வேணும்."

முட்டுக்கம்பு. நான் இலையைப் பார்த்துக்கொண்டேன். அவள் சோற்றைப் பிசைந்தாள். "நிக்கேன் அண்ணாச்சி," என்றாள்.

அவர் போனதும் என் பக்கம் திரும்பி, "என்ன சிரிக்கீய?" என்றாள்.

"சிரிக்கலையே."

"ஆல்டோவுல சுருதி நிக்கது எம்புட்டுக் கஷ்டம்னு உங்களுக்கென்ன தெரியும்? சோப்ரானோ எல்லாம் சும்மா மேல போயிக் கத்துறது. யாரு வேணும்னாலும் கத்தலாம்."

மறுநாள் பாய் கூப்பிட்டார். "ஓடுதா சார்வாள்?"

"நல்லா ஓடுது பாய்."

"வயரை மாத்திட்டீயளா?"

"இல்ல. திரும்பித்தான் ஓடுது."

தொழிலில் அப்படி ஒரு பதிலை அவர் கேட்டிருக்கவில்லை. "திரும்பி ஓடுனா தண்ணி ஏறாதே," என்றார், கவலையோடு. "ஒரு நடை கொண்டாங்க, நான் மாத்தித் தாரேன்." ஒவ்வொரு முறை மிக்ஸி கொண்டுபோகும்போதும் இன்றைக்கும் அதைக் கேட்கிறார். வீட்டில் அனுமதி இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

கூட்டின சுவிட்சுகளையும் சேர்த்துக் கிட்டாரில் இப்போது எட்டுக் குரல்கள் இருக்கின்றன. நடுவில் தள்ளிய சுவிட்ச் தவறி நகர்ந்துவிடாமல் இருக்க, அவள் அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டிவைத்திருக்கிறாள். மற்ற ஏழையும் நான் அவள் பஸ்ஸேறிப் போனபிறகு, பிளாஸ்திரியை மெதுவாக உரித்து, வாசிக்கிறேன்.